தலைநகரத்துப் பத்து மணி

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் எங்கள் மாவட்டத்துக் கடிகாரம் மாநிலத் தலைநகரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். எங்களுடையது மெது நேரம், அவர்களுடையது வேக நேரம். கல்யாணமோ சாவோ, எந்த நேரம் என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்புவோம்.

நேற்றுக் காலை வெண்டலும் கேட்டான். "வெர்னா, கூ... கூட்டம் பத்து மணின்னியே, வேகமா மெதுவா?"

"மெதுதான்டா. எனக்குத் தெரியாதா? பேசாம வண்டியில ஏறு" என்றேன். நோட்டீஸை நான் சரியாகப் படிக்கவே இல்லை. வாய் மட்டும் நீளம் எனக்கு.

கோடைக்காக மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிற மணியை, நவம்பரில் திருப்பாமல் வருடம் முழுக்க அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று சட்டசபைக் குழு தலைநகரத்தில் வைத்து மக்களிடம் கேட்கிற கூட்டம் அது. நான் வேண்டும் என்கிற கட்சி. என் கோல்ஃப் மைதானத்தில் நவம்பரிலும் வேலை விட்டு வருகிறவர்கள் ஆட வெளிச்சம் இருக்கும். வெண்டல் வேண்டாம் என்கிற கட்சி. போன அக்டோபரில், மணியைத் திருப்பி வைப்பதற்கு முந்தின வாரம், விடியாத காலையில் பள்ளி பஸ்ஸுக்காக நின்ற அவன் மகள் கோரினை ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டது. இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள். குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகள் அந்த இருட்டில் நிற்கவேண்டுமா என்று கேட்கத்தான் வந்தான். பள்ளியில் என்னோடு படித்தவன். திக்குவாய் என்பதால் அன்றைக்கே வாயைத் திறக்கமாட்டான். இதற்காக மாட்டுக் கொட்டகையில் மாடுகளிடம் பேசிப் பழகியிருந்தான்.

நாங்கள் நுழைந்தபோது குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பத்து மணிக்குக் கூப்பிட்டா பதினொண்ணுக்கு வர்றீங்க. மணியைப் பத்திப் பேச வந்தவங்களே இப்படியா?"

அறையே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது.

"வெண்டல்தாங்க நேரம் பாத்துச் சொன்னான். அவன் எதுலயும் கொஞ்சம் மந்தம்" என்றேன்.

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். வெண்டல் என்னைத் திரும்பிப் பார்த்தான். வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. மூடிக்கொண்டான்.

"சரி, ஒருத்தர் மட்டும் சுருக்கமா சொல்லுங்க" என்றார் தலைவர்.

சீ, அப்போதாவது நான் உட்கார்ந்திருக்க வேண்டாமா? சிரிப்பு தந்த தெம்பில் மைக் முன்னால் போய் நின்று கோல்ஃபைப் பற்றிப் பேசினேன். முடித்ததும் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். வெண்டல் தொப்பியை மடியில் வைத்தபடி இருந்த இடத்திலேயே இருந்தான்.

திரும்பும் வழியில், "தப்பு என்னோடதுடா" என்றேன்.

"தெ... தெரியும்" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

கோரின் போன் செய்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, பேசினீங்களா?"

"பே... பேசினேம்மா."

"கேட்டாங்களா?"

"எல்லாரும் கே... கேட்டாங்க. வெர்னாகூட நல்லாப் பேசினா."

"வெர்னா ஆன்ட்டி, உண்மையைச் சொல்லுங்க. அங்க அப்பா திக்கினாரா?"

வெண்டல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் காது சிவந்திருந்தது.

"ஒரு இடத்துலகூட திக்கலடி" என்றேன்.

"நான் சொன்னேன்ல" என்று அந்தப் பிள்ளை சிரித்தாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி. நீங்க கூட்டிட்டுப் போகலன்னா அப்பா போயிருக்கவே மாட்டாரு."