வலது பின்பக்கம் ஒரு சத்தம்

கப்பல் வெடிக்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

திரையில்தான். ஆனால் அந்த பேஸ்மென்ட் அறையில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் நிஜமாகவே உள்ளங்கை வியர்த்தது. ஆபத்து திரையில் இல்லை. அவர்கள் தலைக்கு நேர் மேலே, படுக்கையறையில், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் அந்த இருவரில் ஒருவனின் மனைவி. நர்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு ஷிஃப்ட். காலை ஒன்பதரைக்குப் படுத்தால் மாலை நாலு மணி வரை அவளுக்கு நடுராத்திரி. போன வாரமே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நான் தூங்கும்போது படம் போடுங்க. எவ்வளவு சத்தமா வேணாலும் வச்சுக்கோங்க. நான் எழுந்திரிக்கலைன்னா ரூம் உங்களுக்கு. எழுந்து கீழே வந்தேன்னா, அன்னிக்கே அங்க துணி காயப்போடக் கயிறு கட்டிடுவேன். சரியா?"

"சரி" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்தச் சரியைச் சொல்லும்போது குரல் இரண்டு மாடி கீழே இறங்கியது. வீட்டுக்குள்ளேயே ஒரு தியேட்டர் அறை என்பது ஆறு வருஷத்து ஆசை அல்லவா!

உதவிக்கு வந்தவர் அவளுடைய அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். "நான் நடுநிலை" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை காதில், "முதல் படம் எனக்குப் பிடிச்சதாத்தான் இருக்கணும்" என்று கிசுகிசுத்த நடுநிலை.

ஸ்பீக்கர் வாங்கப் போன கடையிலேயே ஆரம்பித்துவிட்டது அவர் அலப்பறை. ஆள் உயரத்துக்கு நின்ற கறுப்பு டவர் ஸ்பீக்கரைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்காத குறை.

"மாப்ளே, இதுதான்! கம்பீரத்தைப் பாருங்க!"

"நம்ம கூரை ஏழடி மச்சான். ரெண்டு கம்பீரத்தை உள்ள வச்சா நாம படிக்கட்டுல உக்காந்துதான் படம் பாக்கணும்."

கடைசியில் செங்கல்லை விடக் கொஞ்சம் பெரிதான ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள். கூடவே, கீழ்ச் சத்தத்தை உறுமிக் காட்ட ஒரு சப்வூஃபர்.

மாட்டும் வேலை இரண்டு நாள் இழுத்தது. கணவன் சோபாவில் மச்சானை உட்கார வைத்து, தரையிலிருந்து அவர் காது எவ்வளவு உயரம் என்று டேப் பிடித்து அளந்தான். அந்த உயரத்தில் முன்பக்கம் மூன்று. ஒன்று திரைக்குக் கீழே நடுவில், மற்ற இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக, சோபாவைப் பார்த்து லேசாகத் திரும்பியபடி. மீதி இரண்டும் சோபாவுக்குச் சற்றுப் பின்னால், காதுக்கு ஓரடி மேலே. இடதுபக்கம் சுவரில் நேராக ஆணி இறங்கியது. வலதுபக்கம் கான்கிரீட் முரண்டு பிடித்தது. அங்கே ஒரு இரும்பு வலை இருந்தது. அதன் சட்டத்திலேயே ஸ்பீக்கரை மாட்டிவிட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது.

சப்வூஃபர்தான் எதிரி. தப்பான மூலையில் வைத்தால் வீடே அதிரும். அதற்கு ஒரு வழி உண்டு. பெட்டியைத் தூக்கி சோபாவில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, மனுஷன் சுவரோரமாகத் தவழ வேண்டும். எந்த இடத்தில் உறுமல் குழையாமல் தெளிவாகக் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கு இடம். லிஃப்ட் மெக்கானிக் தவழ்ந்தான். டிரைவிங் மாஸ்டர் சும்மா இருப்பாரா?

"லெஃப்ட்ல ஒடிங்க... ஸ்டெடி... கண்ணாடியைப் பாருங்க!"

"கண்ணாடி எங்க மச்சான் இருக்கு? நான் தவழ்ந்துட்டு இருக்கேன்."

"ரிவர்ஸ், ரிவர்ஸ்! சுவத்துல முட்டப் போறீங்க. உங்களுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

"உங்க தங்கச்சிதான். வருஷா வருஷம் அவளே ரினியூவலும் பண்றா."

இடது முன்மூலையிலிருந்து மூன்றடி தள்ளி இடம் கிடைத்தது. பெட்டிக்கு அடியில், லிஃப்ட் மோட்டார்களுக்கு வைக்கும் கனத்த ரப்பர் துண்டுகள் நான்கு. அதிர்வு தரைக்கே போகாது.

இப்போது சோதனை.

கப்பல் வெடித்தது.

சோபா நடுங்கியது. மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இருவரும் கூரையையே பார்த்தார்கள். பத்து விநாடி. இருபது விநாடி. மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை போல மாடிக்குப் போய், கதவில் காதை வைத்துக் கேட்டு, பூனை போலவே திரும்பி வந்தார்.

"குறட்டை!"

இரண்டாவது கப்பலும் வெடித்தது. குறட்டை. புயல், ஹெலிகாப்டர், இடிந்து விழும் பாலம். குறட்டையோ குறட்டை. கணவன் முதல்முறையாகக் காலை நீட்டிச் சாய்ந்தான்.

படத்தில் கதாநாயகனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சத்தமில்லாத காட்சி. ஒரு கட்டில், ஒரு மானிட்டர், வலது பின் ஸ்பீக்கரில் மட்டும் மெல்லிய பீப்... பீப்... பீப்... பிறகு இடைவெளி கூடியது. பிறகு ஒரே நீளமாக, பீ—

மேலே தொப்பென்று ஒரு சத்தம். படிக்கட்டில் தடதடவென்று காலடி. கதவு படாரென்று திறந்தது.

அவிழ்ந்த தலைமுடி, ஒற்றைச் செருப்பு, பாதி மூடிய கண்களோடு அவள்.

"எந்த பெட்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக வலது பின்மூலைக்குப் போனாள். ஸ்பீக்கருக்கு எதிரே நின்று, சுவரில் அலாரம் பொத்தானைத் தேடிக் கையால் துழாவினாள்.

மச்சான் பதறிப்போய் ரிமோட்டை அமுக்கினார். நிசப்தம்.

அவள் கண் திறந்தது. சுவரைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"நான் ஏன் இங்க நிக்கறேன்?"

"தூக்கத்துல நடந்து வந்துட்டம்மா" என்றார் மச்சான் கூசாமல்.

"இல்ல" என்றான் கணவன். "சத்தம் கேட்டுத்தான் வந்தே. நான் தோத்துட்டேன். கயிறு நானே கட்டறேன்." எழுந்து போய் வலது பின் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கக் கை வைத்தான்.

"இருங்க. கப்பல் ஏதோ வெடிக்கும்னு சொன்னீங்களே?"

"ரெண்டு வெடிச்சாச்சு."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!" அவள் ஸ்பீக்கர் தொங்கிய அந்த இரும்பு வலையைப் பார்த்தாள். கையை நீட்டினாள். குளிர்ந்த காற்று விரலில் பட்டது. "ஏங்க, இது காத்துக் குழாய். நேரா நம்ம கட்டில் தலைமாட்டுக்கு வருது. வாரம் பூரா லிஃப்ட் குழியில இறங்கி ஏறற ஆளு, குழாய்ல சத்தம் ஏறும்னு தெரியாதா?"

பத்தாவது மாடியில் ஒருவர் தும்மினால் குழியின் அடியில் நிற்பவனுக்குக் கேட்கும். தினமும் கேட்பவன் அவன். அதிர்வை மட்டுமே துரத்தியதில் இதைக் கோட்டைவிட்டிருந்தான்.

"எழுந்திரிங்கண்ணா, அந்த நடு சீட்டை விடுங்க."

மச்சான் முனகிக்கொண்டே நகர்ந்தார். அவள் உட்கார்ந்து கண்ணை மூடினாள். பன்னிரண்டு கட்டில் உள்ள வார்டில், திரும்பிப் பார்க்காமலே எந்த மானிட்டர் கத்துகிறது என்று சொல்லும் காது அது.

"அதை வலையிலேருந்து எடுத்து ஸ்டாண்ட்ல வைங்க. இன்னும் முன்னாடி... போதும். இடதுபக்கம் ரொம்பக் கிட்ட கேக்குது, கொஞ்சம் குறைங்க. ம். இப்ப மழை சீன் ஏதாவது இருந்தா போடுங்க."

போட்டான். மழை முன்னால் பெய்தது, பக்கத்தில் பெய்தது, பிடரிக்குப் பின்னால் சொட்டியது. அவள் தோள் மெல்ல இறங்கியது.

"சுத்திச் சுத்திச் சத்தம்" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "எந்தச் சத்தத்துக்கும் நான் எழுந்து ஓட வேண்டாம் பாருங்க."

கணவன் மெதுவாகக் கேட்டான். "அப்ப ரூம்?"

"கப்பலுக்கு எழுந்திரிக்கலையே? பீப்புக்குத்தானே எழுந்தேன். அது டியூட்டி, பந்தயத்துல சேராது. ஆனா ஆஸ்பத்திரி சீன் வந்தா மியூட் பண்ணணும்."

"பண்றேன்."

"இப்பப் பண்ணாதீங்க, இப்ப முழிச்சுட்டுத்தானே இருக்கேன். விட்ட இடத்துலேருந்து போடுங்க. அந்த பெட்ல இருந்தவன் என்ன ஆனான்?"

போட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாருங்க இந்த நர்ஸ்? ஆள் சாகக் கிடக்கான், இவ கையைப் பிடிச்சு அழுதுட்டு இருக்கா! நெஞ்சை அமுக்குடி!"

"சத்தம் போடாதம்மா" என்றார் மச்சான் பக்கத்து சீட்டிலிருந்து. "படம் கேக்கல."