ஆணியில் தொங்கிய சாக்ஸ்

வேலை முடிந்து அறைக்குள் நுழைந்த மூட்டை, தன் கட்டில் ஓரமாக ஒரு தகரப் பெட்டியையும் அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒரு வெல்டரையும் பார்த்தான்.

மூட்டை என்பது அறைக்காரர்கள் வைத்த பெயர். ஏழு மாதமாக முதுகில் பையோடு நாடு நாடாகச் சுற்றியவன், கையிலிருந்தது கரைந்ததும் இந்த மாநகரத்தில் நின்றுவிட்டான். பார்சல் கிடங்கில் பகல் வேலை. தங்குவதற்கு ஒரு கட்டிலில் பாதி. நீளத்தில் பாதியல்ல, நேரத்தில் பாதி. ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் ரொட்டி அண்ணன் பகலெல்லாம் அதில் தூங்குவார். மாலை ஆறரைக்கு அவர் எழுந்து போனால் விடியும்வரை அது இவனுக்கு. முதல் நாள் அந்த மெத்தையில் இன்னொருவன் உடம்புச் சூடு இருந்ததில் இவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"யாரு நீங்க?" என்றான்.

"மேஸ்திரி வரச் சொன்னார். இடம் காலின்னு."

இந்த அரைக் கட்டிலுக்காக இரண்டு நாள் எத்தனை படி ஏறி இறங்கியிருக்கிறான்! பையைப் பார்த்ததுமே கதவைச் சாத்தியவர்கள்தான் அதிகம். இன்றைக்கு இது போனால் ரயிலடி பெஞ்சுதான். நாளைக் காலை ஆறு மணிக்குக் கிடங்கில் நிற்காவிட்டால் வேலையும் போச்சு.

மேஸ்திரி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அறை அவர் பேரில் இருந்தது. மூட்டையைச் சேர்த்துக்கொண்ட மறுநாளே வெளியூர் வேலைக்குப் போனவர், இன்று மத்தியானம்தான் திரும்பியிருந்தார்.

"நீ போயிட்டேன்னுல்ல நெனச்சேன்? ஆணி மொட்டையா இருந்துச்சே!"

சுவரில் பன்னிரண்டு ஆணிகள், பன்னிரண்டு பேருக்கு. ஆணியில் ஏதாவது தொங்கினால் ஆள் இருக்கிறான், ஒன்றுமில்லையென்றால் கிளம்பிவிட்டான். அந்த அறையில் பத்து வருஷமாக அதுதான் சட்டம். தெரியாதவன் ஒருவன் இருப்பான் என்று யாருக்கும் தோன்றாததால் மூட்டையிடம் யாரும் சொல்லவில்லை.

அவன் பழகியதோ வேறு. தங்கும் விடுதிகளில் காலையில் படுக்கையைத் துடைத்தாற்போல் காலி செய்ய வேண்டும். ஓரிடத்தில் ஷூவை விட்டுவிட்டுக் குளிக்கப் போனவன், திரும்பி வந்தபோது அதைக் காணாமல் இரண்டு நாள் மழையில் வெறும் செருப்போடு நடந்தான். அன்றிலிருந்து பல் துலக்கும் பிரஷ்கூடப் பையில்தான். கிடங்குக்கும் அந்தப் பையைச் சுமந்து போவான். "ரயிலு எத்தனை மணிக்கு?" என்று அங்கே தினமும் கேலி.

"எங்க போனாலும் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறதுதாண்ணே பழக்கம்," என்றான்.

"அதுக்கு நான் என்ன பண்ண? இவரு இருந்த இடத்தை விட்டுட்டு வந்துட்டாரே."

கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து ஒரு கொட்டாவி கேட்டது. ரொட்டி அண்ணன் எழுந்து உட்கார்ந்தார்.

"மனுசன் கடைசி அரை மணி நேரம் தூங்கக் கூடாதா? மேஸ்திரி, அந்த ஆணியை இப்பப் பாருங்க."

எல்லோரும் திரும்பினார்கள். ஆணியில் ஒற்றை சாக்ஸ் தொங்கியது. சாம்பல் நிறம், குதிகாலில் ஓட்டை.

"நாலு மணிக்குச் செருப்பைத் தேடுனேன். கட்டிலுக்கடியில இது கிடந்துச்சு. நான்தான் மாட்டுனேன்."

மூட்டை மெதுவாக ஷூவைக் கழற்றினான். ஒரு காலில் சாம்பல், மறு காலில் நீலம். காலையில் தேடித் தேடிக் கிடைக்காமல் அப்படியே ஓடியிருந்தான்.

"ஒத்தை சாக்ஸெல்லாம் கணக்குல சேருமா?" என்றார் மேஸ்திரி.

"சட்டையான்னு சட்டம் கேக்குதா? தொங்கணும், அவ்வளவுதானே. அவர் பெட்டியோட வந்தப்ப தொங்குச்சா இல்லையான்னு அவரையே கேளுங்க."

வெல்டர் ஆணியைத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம், மறுக்க ஆளில்லை.

"தொங்குச்சுங்க. வாசல்லயே நாத்தம் வரவேத்துச்சு."

ரொட்டி அண்ணன்தான் முதலில் சிரித்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"சரி, நாலு மணி வரைக்கும் பொறுக்காம உங்களைக் கூப்பிட்டது என் தப்பு. இங்க தங்கியிருக்கிற பிளம்பர் சனிக்கிழமை ஊருக்குப் போறான், அவன் இடம் காலியாகும். அதுவரைக்கும் என் கட்டில்ல படுங்க. நான் அடுப்படியில சுருண்டுக்கிறேன்."

வெல்டர் அப்போதுதான் பெட்டியிலிருந்து எழுந்து முதுகை நிமிர்த்தினார்.

மூட்டை ஓடிப்போய்ப் பையையே ஆணியில் மாட்டினான். மாட்டிய கையோடு ஆணி, ஒரு கைப்பிடி சுண்ணாம்போடு பிடுங்கிக்கொண்டு அவன் காலில் விழுந்தது.

"அட கூறுகெட்டவனே! சட்டையை மாட்டுடான்னா வீட்டையே மாட்டுறியே!" என்று மேஸ்திரி சுத்தியலை எடுத்தார்.

நாலு விரல் தள்ளி ஆணி மறுபடி இறங்கியது. மூட்டை பையைத் திறந்தான். சட்டை, துண்டு, அடியில் கசங்கிக் கிடந்த பனியன் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சாக்ஸைத் துவைத்து எல்லாவற்றுக்கும் மேலே மாட்டினான். வெறும் பை கட்டிலுக்கடியில் தட்டையாகப் போய்ப் படுத்தது.

"தம்பி, இடம் ரெடி," என்று சொல்லிவிட்டு ரொட்டி அண்ணன் வேலைக்குக் கிளம்பினார்.

மெத்தை இன்னும் சூடாகத்தான் இருந்தது. மூட்டை அதில் காலை நீட்டினான். புரண்டு படுக்கக்கூட நேரமில்லை, தூங்கிப்போனான்.