எதிர்க்கடைப் பலகை

"இன்னும் கொஞ்சம் தூக்குடி பாப்பா, ஜன்னல் கம்பி மறைக்குது" என்றார் அப்பா. நாற்பத்தாறு வயதுப் பாப்பா அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைத் திணித்தாள். அப்பா பைனாகுலரைக் கண்ணில் வைத்துத் தெருவின் அந்தப் பக்கம் குறிபார்த்தார்.

டாக்டர் இரண்டு நாள் கெடு கொடுத்துவிட்டுப் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. ஆசைப்பட்டதைச் செய்யவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். கீழே தன் மருந்துக்கடை வாசலில் காலை ஏழு மணிக்குப் பாப்பா கரும்பலகையில் விலை எழுதவேண்டும். அதைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் என்ன எழுதுகிறார் என்று பார்க்கவேண்டும்.

இருபத்தாறு வருஷமாக நடக்கிற கூத்து இது. அதற்கு முன்னால் வாய்க்கு வந்ததுதான் மருந்து விலை. பிறகு அரசாங்கம் உச்சவிலை என்று ஒன்றை வைத்து, அதற்கு மேல் விற்றால் கடையைச் சீல் வைப்போம் என்றது. மறுநாளே எல்லாக் கடையும் சொல்லிவைத்தாற்போல் அந்த உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா கடையும்தான், அவர் ஒன்றும் தியாகி இல்லை. எதிரே புதுக்கடை வந்து, ஒரு ரூபாய் குறைத்துப் பலகை வைத்த அன்றைக்குத்தான் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவரும் ஒரு பலகை வாங்கினார். பதினைந்து சர்க்கரை மாத்திரை கொண்ட அட்டையில் அச்சடித்த விலை இப்போது அறுபது. இந்தத் தெருவில் நாற்பத்தொன்று.

"சட்டம் கூரை போட்டுச்சு. என்னைக் குனிய வச்சது அந்த ஆளுதான்" என்பார் அப்பா. இருவரும் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. முதலில் எழுதுவது அப்பா, எழுதிய விலை கடை மூடும்வரை மாறாது. இந்த இரண்டையும் யாரும் பேசி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

அப்பா பைனாகுலரை இறக்கினார். "பாப்பா, இன்னைக்கு என்ன எழுதின?"

"பதினஞ்சு மாத்திரை அட்டைக்கு இருபத்தெட்டு."

"அடிப்பாவி, அது பத்து மாத்திரை அட்டையோட விலைடி! நாம வாங்குறதே முப்பத்தேழு!"

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். இரண்டு பெட்டியும் ஒரே பச்சை நிறம். தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் பார்த்திருக்கிறாள்.

"அவன் என்ன போட்டிருக்கான் தெரியுமா?" அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. "இருபத்தேழு! யோசிக்கவே இல்லடி அந்த ஆளு! கண்ணை மூடிக்கிட்டு என்னை நம்பியிருக்கான்!"

கட்டில் கிறீச்சிடச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவளுக்கும் தொற்றிக்கொண்டது. பல மாதங்களாக அந்த அறையில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

"நான் போய்ச் சொல்லிடட்டுமாப்பா? பாவம், நஷ்டப்படுவாரு."

"நீ போகாதே. நானே ஜன்னல்லேருந்து கூப்பிட்டுச் சொல்றேன். முதல்ல ஒரு டீ போடு, தொண்டை காஞ்சுபோச்சு."

அவள் டீயோடு வந்தபோது பைனாகுலர் மடியில் இருந்தது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது. அப்பா இல்லை. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல், டம்ளரைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்று வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாள். மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தெருமுனைத் தையல்காரம்மா மட்டும் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டாள்.

"எங்கம்மாவுக்கு முன்னெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாத்திரை கொடுப்பேன். கட்டுப்படியாகாது. உங்கப்பாவும் அவரும் சண்டை போட்டதாலதான் தினம் கொடுக்க முடியுது. இனிமே எப்படிம்மா?"

 பதில் மூன்று மணிக்கு இஸ்திரி கலையாத சட்டையோடு வந்தது. மருந்துக்கடைச் சங்கத் தலைவர் மாலையை வைத்துவிட்டு, அவளைக் கீழே கடைக்குள் அழைத்துப் போனார். மனைவியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு அப்போதுதான் தெருவைக் கடந்து வந்த எதிர்க்கடைக்காரரையும் கையோடு உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பெரியவர் இருந்தவரைக்கும் பேச முடியல. இனிமே ரெண்டு பேரும் அறுபதே போட்டுக்குங்க. அச்சடிச்ச விலைதானே? யார் என்ன கேட்கப் போறாங்க?"

அவளுக்கும் ஒரு கணம் மனம் சபலப்பட்டது. அறுபது என்றால் எவ்வளவு நிம்மதி. பலகை வேண்டாம், பைனாகுலர் வேண்டாம். பிறகு தையல்காரம்மாவின் நின்றுபோன சிரிப்பு நினைவுக்கு வந்தது.

"பேசி வச்சு ஒரே விலை போட்டா அதுவும் குத்தம்தான். நான் மாட்டேங்க" என்றாள். ஆனால் அவள் ஒருத்தி சொல்லி என்ன? எதிரில் ஒருவர் இறங்கினால்தானே இவளும் இறங்கமுடியும்! இருவரும் எதிர்க்கடைக்காரரைப் பார்த்தார்கள்.

"காலைல போர்டைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார் அவர். தலைவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்றே அவளும் நினைத்தாள்.

"மாமா, காலைல நான்தான் தப்பா எழுதிட்டேன். அப்பாவே உங்களைக் கூப்பிட்டுச் சொல்றதா இருந்தாரு."

"பத்து மணிக்கே தெரியும்மா, என் சம்சாரம் திட்டித் தீர்த்துட்டா. எழுதினது எழுதினதுதானே!" என்றவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு மாமா. அப்படிச் சிரிச்சாரு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு மாடிக்குப் போய், கட்டிலின் கால்மாட்டில் மாலைவரை உட்கார்ந்திருந்தார். அப்பாவை வண்டியில் ஏற்றும்போது முன்பக்கம் தோள் கொடுத்தவரும் அவர்தான்.

மறுநாள் காலை ஆறரைக்கே எதிர்க்கடை திறந்துவிட்டது. பலகை வெளியே இருந்தது. அதில் ஒன்றும் எழுதவில்லை. சாக்பீசைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இவள் வாசலையே பார்த்து நின்றிருந்தார்.

ஏழு அடித்தது. அவள் பெட்டியை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். நாற்பது என்று எழுதினாள். மாடிக்கு ஓடி, காலிக் கட்டிலில் உட்கார்ந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள்.

அவர் முதுகு பலகையை மறைத்தது. பிறகு விலகியது. முப்பத்தொன்பது.

கீழே தையல்காரம்மா இரண்டு பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் தயங்காமல் எதிர்க்கடைக்குள் போனாள். பைனாகுலர் கண்ணாடி மங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு அவள் மறுபடியும் பார்த்தாள்.