கை தானாகப் பாயும்

புலவாயோ நகரில் சோபாக் கடை வைத்திருக்கும் பெகிசிதா என் தங்கை நோசிசாவின் கணவர். ஜாம்பேசிக் காட்டில் வேட்டை வழிகாட்டியாக இருப்பவன் நான். காட்டெருமை சுட வரப்போவதாக அவர் சொன்னபோது, சும்மா இராமல் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

"மாப்ளே, முதல் குண்டுலயே எருமை விழாது. அடுத்த தோட்டாவ ஏத்த யோசிக்கக் கூடாது. கை தானாப் பாயணும்."

அன்றே வெடிக்காத பொய்த் தோட்டாக்கள் வாங்கிப் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். துப்பாக்கியில் தோட்டா ஏற்றும் கைப்பிடியைத் தூக்கு, பின்னால் இழு, முன்னால் தள்ளு, கீழே அமுக்கு. குளித்துவிட்டு வந்தால் அது, செய்தி பார்க்கும்போதும் அது. தேவாலயத்தில் போதகர் குலுக்கக் கை நீட்ட, அந்தக் கையையும் தூக்கி, இழுத்து, தள்ளி, அமுக்கிவிட்டார். போதகருக்கு ஒரு வாரம் தோள்வலி.

நோசிசா போனில் அழுதாள். "அண்ணா, களி கிண்டுற கரண்டியக் கூட விட மாட்டேங்கிறாருண்ணா. இவரச் சீக்கிரம் காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு."

கூட்டிப்போனேன். காலை வெயிலில், மொப்பானி மரங்களுக்கிடையே கிழட்டு எருமை ஒன்று எங்களைப் பார்த்தபடி நின்றது.

"சுடுங்க மாப்ளே," என்றேன் மெதுவாக.

துப்பாக்கியை உயர்த்தினார். தூக்கு, இழு, தள்ளு, அமுக்கு. அப்படியொரு வேகத்தை நான் கண்டதில்லை. தோட்டாக்கள் பொன் தானியம்போலப் புல்லில் உதிர்ந்தன. வெடிச்சத்தம் மட்டும் வரவில்லை. வீட்டில் 'டிக்' சத்தத்துக்குக் குழந்தை விழிக்கும் என்று அவர் ஒருநாளும் சுடும் விசையைத் தொட்டதில்லையாம்; இங்கும் தொடவில்லை.

எருமை சிறிது நேரம் பார்த்தது. நான் என் துப்பாக்கியை நிமிர்த்துவதற்குள், இதற்கு மேல் இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பதுபோலத் திரும்பி நடந்தது.

"பட்டுதா மச்சான்?" மூச்சிரைக்கக் கேட்டார்.

குனிந்து ஒரு தோட்டாவை எடுத்துக் காட்டினேன். சுடப்படாத குண்டு முனையிலேயே இருந்தது. அவர் முகம் கறுத்தது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பை அடக்க இருமினேன்.

ஊர் போய்ச் சேர்வதற்குள் கதை மாறிவிட்டது. "எருமையோட கண்ணப் பாத்தேன். மனசு வரல, விட்டுட்டேன்," என்றார் மனைவியிடம்.

"கறி?" என்றாள் நோசிசா.

இப்போது சனிக்கிழமைதோறும் கடையின் பின்கட்டில் எருமை வேட்டை வகுப்பு நடத்துகிறார். கூட்டத்துக்குக் குறைவில்லை, உட்கார சோபாவும் உண்டு.