முழங்கால் தண்ணீரில் இரண்டு சம்பந்திகள்

மகள் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியதிலிருந்து கடிகாரக்காரருக்குக் கை ஓடவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால், "அவருக்கு நான் இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்பதோடு சரி.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி வந்து சேர்ந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; வாயைத் திறந்தால் கடைசி ஸ்டாப் வரை நிறுத்த மாட்டார். கடிகாரக் கடைக்கு மேலே இருந்த வீட்டின் சின்னக் கூடத்தில் உட்கார்ந்து விலைவாசி, மூட்டுவலி என்று ஊர்ப்பட்ட கதை பேசினார். வந்த விஷயத்தை மட்டும் தொடவில்லை. மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். 'விடிந்ததும் பெண்ணை அனுப்பச் சொல்லிக் கேட்பார். அனுப்பவும் மனமில்லை, முகத்தை முறிக்கவும் முடியாது' என்று கடிகாரக்காரர் தவித்தார்.

"சம்பந்தி, காலைல மீன் பிடிக்கப் போவோமா? ஒண்ணே ஒண்ணு, அங்க பேசக் கூடாது. மீன் ஓடிடும்."

அடுப்படியில் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

வற்றிய கடல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணல்மேல் முழங்காலளவுத் தண்ணீர். அதற்கப்பால் பாறை விளிம்பு, பிறகு கருநீல ஆழம். கடிகாரக்காரரின் தூண்டிலில் புழு கிடையாது. முள்ளில் வெள்ளை இறகைக் கட்டிக் குட்டிமீன் மாதிரி செய்திருந்தார். இறகுக்கு ஏது கனம்? தடித்த நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, அந்த வேகத்தில்தான் அதை எறிய வேண்டும்.

"வெறும் இறகை நம்பியா வரும்?"

"தரகர் காட்டின போட்டோவை நம்பி நாம வரலையா? காலைத் தேய்ச்சு நடங்க, மணலுக்குள்ள திருக்கை கிடக்கும், மிதிச்சா வால்முள்ளால குத்திடும்."

டிரைவர் கொஞ்ச தூரம் வாயைக் கட்டிக்கொண்டு நடந்தார். பிறகு முடியவில்லை.

"மீன் போனாப் போகுது சம்பந்தி. நான் உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போக வரலை."

கடிகாரக்காரர் நின்றார்.

"நான் கூப்பிட்டா அவ வந்துடுவா. என் மேல அவ்வளவு மரியாதை. ஆனா எனக்காக வந்ததாத்தானே ஆகும்? என் பையன் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கான். அவனா எந்திரிச்சு வந்து கூப்பிடட்டும். அதுவரைக்கும் நீங்க அனுப்பாதீங்க. இதைச் சொல்லத்தான் வந்தேன். நேத்து உங்க வீட்டம்மா முன்னாடி வாய் வரலை."

கடிகாரக்காரர் ராத்திரி முழுக்கத் தேடி வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

"மாப்பிள்ளை வருவாரா?"

"தெரியலை. ரோஷம் இருந்தா வருவான்..." சட்டென்று டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "அங்க என்ன, கறுப்பா ஏதோ நகருது?"

பெரிய திருக்கை. அதன் முதுகுக்கு மேலேயே நிழல் போல ஒரு பாரை மீன், நிமிர்த்திப் பிடித்தால் ஆள் இடுப்புயரம் இருக்கும். திருக்கை கிளப்பிவிடும் நண்டுக்காகக் கூடவே வந்துகொண்டிருந்தது. கடிகாரக்காரர் இரண்டு வீச்சு வீசி இறகை அதன் முன்னால் போட்டு, நூலைக் கையால் வெடுக் வெடுக்கென்று இழுத்தார். பாரை திரும்பியது. தண்ணீர் பிளந்தது. அடுத்த கணம் ரீல் அலற, மீன் விளிம்பை நோக்கிப் பாய்ந்தது.

"பிரேக் போடுங்க சம்பந்தி, பிரேக்கு!"

"போட்டுத்தான் இருக்கு! பாறைல உரசினா அறுந்துடும்!"

டிரைவர் அதற்குமேல் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக்கட்டி, மூட்டுவலியை மறந்து, சுற்றி வளைத்து விளிம்புப் பக்கம் ஓடினார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தண்ணீரை அடித்துக்கொண்டே, ஓட்டின காலத்தில் குறுக்கே வந்தவர்களைத் திட்டிய வார்த்தைகளாலேயே மீனைத் திட்டினார். மீன் மிரண்டு மணல் பக்கமே திரும்பியது. அரைமணி நேர இழுபறிக்குப் பிறகு அது பக்கவாட்டில் சாய, டிரைவர் வாலை இரண்டு கையாலும் பற்றினார்.

முள்ளைக் கழற்றியதும் கடிகாரக்காரர் அதன் தலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டார்.

"விடப்போறீங்களா? இவ்வளவு பாடுபட்டு?"

"ஆமா. மூச்சு வரட்டும், அதுவா போகும்."

செவுள் மூடித் திறந்தது. சற்றைக்கெல்லாம் வாலை ஒரு உதறு உதறி, இருவர் முகத்திலும் உப்புத்தண்ணீரை அறைந்துவிட்டு மீன் போய்விட்டது. டிரைவர் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்து சிரித்தார். கடிகாரக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை உடனே வந்துவிடவில்லை. கடிகாரக்காரரின் மனைவி நம்பிக்கையை விட்டபிறகு, ஒரு சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்றான். "மாமா, அவகிட்ட பேசணும்." கடிகாரக்காரர் படியைக் காட்டினார். மாடியில் வெகுநேரம் பேச்சுக் கேட்டது. நடுவில் மகளின் குரல் உயர்ந்தது. பிறகு மாப்பிள்ளை அழுவது போலிருந்தது.

மனைவி டீயோடு படியருகே வந்தாள். "கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா?"

"இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்றார் கடிகாரக்காரர்.