பதிலுக்கு முன்னே மூடிய திரை

அமெரிக்காவில் பெரிய ஏரிக்கரைத் துறைமுக ஊரான டுலூத்துக்குக் குடிவந்து பல மாதங்கள் ஆகியும் லியோனா அந்த ஊரில் பேசிப் பழகிய மனிதர் என்று ஒருவருமில்லை. வேலை வீட்டிலிருந்தே. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைக் காட்டும் கைப்பேசிச் செயலி அவள் பொறுப்பு. அது திடீரென்று மூடிக்கொள்வதாகப் புகார்கள் வந்தபடி இருந்தன. அவள் கையில் மட்டும் ஒருமுறைகூட மூடவில்லை.

கடைசியில், புகார் எழுதியிருந்த ஆர்விட் நிவாலா என்ற கிழவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“என்ன பண்ணும்போது மூடுது, சார்?”

“கப்பல் பேரைத் தட்டுவேன். அந்த வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கும். அதுக்குள்ள ஜன்னல்லயே கப்பல் தெரிஞ்சிடும். அப்புறம் உன் படம் எனக்கெதுக்கு? வெளிய வந்துடுவேன். உடனே பொட்டுன்னு எல்லாம் போயிடும்.”

“பதில் வர்ற வரைக்கும் இருக்க மாட்டீங்களா?”

“ஏம்மா, எனக்கு வேற வேலை இல்லையா?”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். போனை வைத்தபின்தான் சுருக்கென்றது. சோதித்துப் பார்த்த ஒவ்வொரு முறையும் பதில் வரும்வரை அவள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதியில் எழுந்து போக ஒருவருக்கு வேறு ஏதாவது இருக்கும் என்று தோன்றவே இல்லை.

பிழை இப்போது புரிந்தது. ஆள் வெளியேறியதும் அந்தத் திரை அழிக்கப்பட்டுவிடுகிறது. சர்வரிலிருந்து பிந்தி வரும் பதில், இல்லாத திரையில் எழுதப்போய் மொத்தத்தையும் கவிழ்க்கிறது. பதில் வந்ததும் திரை இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சும்மா திரும்பிவிடும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தாள். செயலி இப்படிப் பதிலுக்குக் காத்திருந்து எழுதும் எல்லா இடங்களிலும் அதையே செய்தாள்.

வேலைக் குழுவுக்குச் செய்தி அனுப்பிச் சொன்னாள். யாரோ ஒருவர் கட்டைவிரல் படம் போட்டார். அவ்வளவுதான்.

கிழவரை மறுபடி அழைத்தாள்.

“இப்ப மூடல. கெட்டிக்காரிதான். சரி வை, கப்பல் உள்ள வருது.”

“எங்க சார்?”

“எங்கயா? இந்த ஊர்லதானே இருக்க? போய்ப் பாரும்மா!”

கோட்டை மாட்டிக்கொண்டு, கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழையும் கால்வாய்க்கு இறங்கினாள். கப்பல் ஊதியது, அதற்கு வழிவிட மேலே உயர்ந்திருந்த தூக்குப்பாலம் பதிலுக்கு ஊதியது. சுற்றிலும் குடும்பம் குடும்பமாகக் கையசைத்தார்கள். அவளும் அசைத்தாள். மேல்தளத்திலிருந்து ஒரு மாலுமி கையை உயர்த்தினான், பக்கத்திலிருந்த குழந்தைகளுக்காக இருக்கலாம். மலைச்சரிவில் எத்தனையோ ஜன்னல்கள். கிழவருடையது எது என்று கேட்காமல் விட்டுவிட்டாள்.

கூட்டம் கலைந்தது. விரல்கள் விறைக்கும்வரை தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள்.