ஐம்பத்தேழாவது கட்டம்

1

இது பக்கத்தில் நின்று நான் பார்த்தது. ஆனாலும் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று சந்தேகம். அன்று பூவரசன் வாயிலிருந்து வந்தது சாராயமல்ல, பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாசனைதான் என்று மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவையாவது எழுதிப் பார்த்தால் தெரியும் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ஆம்பூரில், ஜெஸ்டன் மாஸ்டரின் ஜிம்மில், குடியை விட நினைப்பவர்களுக்கு ஒரு புதிய...'

வேண்டாம். நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: ஊத வேண்டும். எடையைத் தொடுவதற்கு முன்னால் மாஸ்டர் முகத்துக்கு நேராக ஊத வேண்டும். வாசனை இல்லையென்றால் சுவரில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு கட்டத்தைச் சாக்பீஸால் நிரப்புவார். மொத்தம் தொண்ணூறு கட்டம். வாசனை வந்தால் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். ஊதியபின் ஓட்டம், தண்டால். கடைசியில் பாயில் உட்காரவைத்துக் கேட்பார்: "இப்ப எந்தத் தெரு வழியா வூட்டுக்குப் போவ?" சாராயக் கடை இல்லாத தெருவைச் சொல்ல வேண்டும்.

[மாஸ்டரும் குடித்தவர். விட்டு ஒன்பது வருடம். தன் மூக்கைத் தவிர எதையும் நம்பமாட்டார்.]

நான் சர்க்கரைக்காக அங்கே ட்ரெட்மில்லில் நடப்பவன். பகலில் தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். தோலை அளக்கும் மெஷினில் பூவரசன் எனக்குக் கீழே வேலை செய்தான்.

3

பூவரசனுக்கு ஐம்பத்தேழாம் நாள், மாலை ஆறு மணி. தொண்ணூறும் முடிந்ததாக மாஸ்டரே ஃபோனில் சொன்னால் மகளோடு ஆலங்காயத்திலிருந்து திரும்பி வருவதாக அவன் மனைவி மோகனா சொல்லியிருந்தாள்.

"ஊதுறா."

ஊதினான். மாஸ்டர் துணியை எடுத்தார்.

"மாஸ்டர், அது தின்னர். காலைலேர்ந்து ஸ்ப்ரேல நின்னேன்."

"பெயின்ட் அடிச்சேன்னு எங்க வூட்ல சொன்னவன்டா நான். எங்கிட்டயேவா?"

"புள்ள மேல சத்தியமா மாஸ்டர்."

"அதுவும் சொல்லியிருக்கேன்."

பூவரசன் என் பக்கம் திரும்பினான். "சார், நீங்கதான அனுப்புனீங்க? சொல்லுங்க சார்."

நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டித்தான்

4

அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். தோலுக்குச் சாயம் அடிக்கும் ஸ்ப்ரே ஆள் அன்று லீவு. பூவரசனை நான்தான் அங்கே நிறுத்தினேன், மாஸ்க் இல்லாமல். ஸ்டாக் தீர்ந்திருந்தது. அந்த வாரம் எங்கள் தோலை வாங்கும் வெளிநாட்டு பையரின் பாதுகாப்பு ஆடிட். ஜிம்மில் எங்கள் கம்பெனி ஆட்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள்; நான் ஒத்துக்கொண்டால் மாஸ்க் விஷயம் ஆடிட் வரை போயிருக்கும்.

[தின்னரோடு வேறு வாசனையும் கலந்திருந்ததோ? இந்தச் சந்தேகம் அன்றே இருந்ததா, பிறகு என் வசதிக்கு நான் சேர்த்துக்கொண்டதா?]

5

முடிவு அ: நான் வாயைத் திறக்கிறேன். மாஸ்டர் துணியைக் கீழே போடுகிறார்.

முடிவு ஆ: பூவரசன் நேராகக் கடைக்குப் போய்க் குடிக்கிறான். நான் அவனுக்காகச் சொல்லாதது சரியாகிவிடுகிறது. இதை நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். எழுதும்போது நிம்மதியாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன்.

6

நடந்தது இது. மாஸ்டர் ஐம்பத்தாறு கட்டங்களையும் துடைத்தார். பூவரசன் மறுபடி அங்கே வரவில்லை. தன் வீட்டுச் சுவரில் தானே கட்டம் போட்டு, தனியாக ஓடி, தொண்ணூறையும் முடித்து, படமெடுத்து மோகனாவுக்கு அனுப்பினான். "யார் சாட்சி?" என்று மட்டும் கேட்டாளாம். அவள் வரவில்லை. அவன் இப்போது வேலூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். குடிப்பதில்லை என்கிறார்கள். மாஸ்டர் இன்னும் ஊதச் சொல்கிறார். ஆடிட்டில் எங்கள் கம்பெனி தேறியது. எனக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது.

மோகனாவின் முகவரி என்னிடம் இருக்கிறது. இந்தக் கதையை இன்னும் அனுப்பவில்லை.